அன்பின் அளவுகோல் சர்க்கரையா?

தமிழ் என்னும் சொல்லுக்கு இனிமை என்றே பொருள் உரைக்கிறது பிங்கல நிகண்டு. மொழிக்கே இனிமை என்று பெயரிட்ட மக்கள் நாம். நற்செய்தி சொன்னவரை வாழ்த்தும்போது, ‘உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்’ என்கிறோம். குழந்தை பிறந்தால் கற்கண்டு. மகன் தேர்வில் தேறினால் இனிப்புப் பொட்டலம். பெருநாளானாலும் தீபாவளியானாலும் அண்டை வீட்டுக்குச் செல்லும் தட்டில் முதலில் இடம்பெறுவது இனிப்பே.

ஆயின், அதே சொல்லுக்கு இன்று மற்றொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. ‘அவருக்குச் சர்க்கரை’ என்று ஒருவர் சொன்னால், நாம் இனிப்பை நினைப்பதில்லை, நோயையே நினைக்கிறோம். மகிழ்ச்சிக்கும் நோய்க்கும் ஒரே சொல்லை வழங்கும் நிலை நமக்கு வாய்த்துவிட்டது. இவ்விரு பொருளுக்கும் இடையில் நின்று தவிப்பவர்கள் நம் குழந்தைகள். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

எனக்கும் சர்க்கரை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக மாத்திரை உண்டு வருகிறேன். வேங்கிக்காலில் குடியிருக்கும் நான், மாலை வேளையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைக் கடந்து வேலூர்ச் சாலையோரமாக நடப்பது வழக்கம். மகள் வயிற்றுப் பேரன் ஐந்து வயதினன். அவன் என் விரல் பிடித்து உடன் வருவான். திரும்பும்போது தேநீர்க் கடையில் எனக்குச் சர்க்கரையில்லாத தேநீர். அவனுக்கோ ஒரு நாள் கேக், ஒரு நாள் க்ரீம் பிஸ்கட், ஒரு நாள் சிறு புட்டியில் குளிர்பானம். நான் உண்ணவியலாததை அவன் உண்ணக் கண்டு மனம் நிறைந்தேன். அன்பு என்றே அதற்குப் பெயர் சூட்டியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஓரிரவு பல்வலி தாளாமல் அவன் அழுதான். மறுநாள் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஆறு பற்கள் சொத்தையாகியிருந்தன. ‘இவ்வளவு இனிப்பு யார் வாங்கித் தருகிறார்கள் கண்ணு?’ என்று மருத்துவர் கேட்டார். வாயில் பஞ்சு வைத்திருந்தமையால் பேச இயலாத குழந்தை, என்னைச் சுட்டிக் காட்டினான். அதில் குற்றச்சாட்டு இல்லை, பெருமிதமே இருந்தது. ‘என் தாத்தா வாங்கித் தருவார்’ என்பதே அச்சுட்டலின் பொருள். அன்று தொடங்கிய சிந்தனையைப் பெற்றோர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைக்க விழைகிறேன்.

கரும்பு வந்த வழி

கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அதியமானின் தகடூர் நமக்கு அண்டை நாடு, இன்றைய தருமபுரி. சர்க்கரா என்னும் வடசொல் மேற்கே சென்று அரபு மொழியில் சுக்கர் ஆயிற்று. ஐரோப்பிய மொழிகள் அங்கிருந்து அதனைப் பெற்றுக்கொண்டன. தென் மாவட்டத்தாரும் ஈழத்தாரும் வெண்சர்க்கரையைச் சீனி என்பர். நம் வட மாவட்டங்களில் முதியோர் இன்றும் ‘அஸ்கா’ என்பர். 1936 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்தில் அஸ்கா என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த ஆலையின் சர்க்கரை நம் கடைகளுக்கு வந்தது. ஊரின் பெயரே பொருளுக்குப் பெயராயிற்று.

இச்சொல்லாராய்ச்சி உணர்த்துவது ஒன்றுண்டு. நெடுந்தொலைவிலிருந்து வந்த பொருளுக்கே இவ்வாறு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ளும். வெண்சர்க்கரை நம் பாட்டன்மார் காலத்தில் அன்றாடப் பண்டமாக இருந்ததில்லை; விருந்துக்கும் விழாவுக்கும் உரியதாகவே இருந்தது. இன்றோ காலைப் பாலில் தொடங்கி இரவுப் பாலில் முடியும் நாளில், சர்க்கரை இல்லாத வேளை குழந்தைக்கு வாய்ப்பதில்லை. சர்க்கரை புதிதன்று, அது நாள்தோறும் வருவதே புதிது.

எவ்வளவு போதும்?

உண்ணும் உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, நாம் பெறும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் இன்னும் நன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. தேனும் பழச்சாறும் இக்கணக்கில் அடங்கும்; பாலிலும் முழுப் பழத்திலும் இயல்பாக உள்ள இனிப்பு அடங்காது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சர்க்கரையே சேர்க்கலாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளின் அறிவுரை.

விழுக்காட்டுக் கணக்கு தாய்மார்க்கு உதவாது. கரண்டிக் கணக்கே உதவும். ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,350 கலோரி தேவை எனக் கொண்டால், அதில் 5 விழுக்காடு என்பது 17 கிராம் சர்க்கரை. அஃதாவது நான்கு தேக்கரண்டி. குளிர்பானங்களில் பொதுவாக 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் வரை சர்க்கரை உண்டு. எனவே 250 மில்லி கொண்ட சிறு புட்டி ஒன்றில் ஆறு தேக்கரண்டிக்குக் குறையாது. என் பேரனுக்கு ஒன்றரை நாளுக்குரிய அளவை, வீடு திரும்பும் வழியில் ஐந்து நிமிடத்தில் நான் புகட்டியிருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். நம் மாநிலத்து நியாய விலைக் கடையில் அரிசி அட்டைக் குடும்பத்துக்கு மாதம் 2 கிலோ வரை சர்க்கரை வழங்குவர். நால்வர் உள்ள குடும்பத்தில் அதனைப் பகிர்ந்தால், ஒருவர்க்கு நாளொன்றுக்கு 16 அல்லது 17 கிராம் வரும். குழந்தைக்கு உரிய அளவும் அதுவே! கடைச் சர்க்கரையோடு நிறுத்திய குடும்பம் தானறியாமலே அளவோடு வாழ்ந்தது. அளவு மீறுவது பையிலிருந்து அன்று. பொட்டலத்திலிருந்தும் புட்டியிலிருந்தும் ஆகும். அடுக்களை டப்பாவில் உள்ள சர்க்கரை தாயின் கண்ணுக்குத் தெரியும். பிஸ்கட்டுக்குள் உள்ள சர்க்கரை தெரியாது.

2025 மே திங்களில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. 4 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகள் பெறும் ஆற்றலில் 13 விழுக்காடும், 11 முதல் 18 வயது வரையுள்ளோர் பெறுவதில் 15 விழுக்காடும் சர்க்கரையிலிருந்து வருகின்றன என்றும், பரிந்துரைத்த 5 விழுக்காட்டினை இவை பெரிதும் விஞ்சுகின்றன என்றும் அது சுட்டியது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை ஒன்றினைப் பள்ளிதோறும் வைக்கவும் பணித்தது.

முதல் ஆயிரம் நாள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அது நீங்கியதும், மக்கள் உண்ட சர்க்கரை ஏறத்தாழ இருமடங்காயிற்று. பங்கீடு நீங்குவதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்த ஏறத்தாழ 60,000 பேரை ஒப்பிட்டு ஆராய்ந்த கட்டுரை 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. தாயின் கருவிலிருந்து இரண்டு வயது நிறையும்வரை, அதாவது முதல் ஆயிரம் நாளில், பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு 20 விழுக்காடும் குறைந்திருந்தன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின் தோன்றும் நோய்க்கு வித்து தொட்டிலிலேயே இடப்படுகிறது என்பதை இதனினும் தெளிவாக எங்ஙனம் விளக்குவது?

நாமோ பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம். தாய்ப்பாலுக்கு முன்னரே சர்க்கரை நீரை நாவில் தடவுகிறோம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பதும், ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தருதல் ஆபத்து என்பதும் மருத்துவர் கூற்று. நல்ல சொல் பேசட்டும் என்னும் வாழ்த்து உயர்ந்ததே. அவ்வாழ்த்தை வாயால் கூறலாமே!

கடையில் விற்கும் குழந்தை உணவும் கவனத்துக்குரியது. நெஸ்லே நிறுவனத்தின் செர்லாக் வகைகளை ஆய்ந்த சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு, இந்தியாவில் விற்பவற்றில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைந்த சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதையும், ஐரோப்பாவில் விற்பவற்றில் அது இல்லாமையையும் 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. தான் இந்திய விதிகளுக்கு உட்பட்டே செயற்படுவதாகவும் சர்க்கரையைக் குறைத்து வருவதாகவும் நிறுவனம் விடையிறுத்தது. சட்டம் மீறப்படவில்லை என்பது உண்மையாயிருக்கலாம். அங்குள்ள குழந்தைக்கு வேண்டாதது இங்குள்ள குழந்தைக்கு ஏன் வேண்டும் என்னும் வினா அதனால் மறைந்துவிடுவதில்லை.

பெயரில் உள்ள மயக்கம்

பாலில் கலக்கும் மால்ட் மாவை ‘ஊட்டம்’ என்று நம்பி வாங்குவோர் பலர். நாமும் நம் பிள்ளைகளை அவ்வாறே வளர்த்தோம். ‘ஆரோக்கிய பானம்’ என்றோர் வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்பது 2024இல்தான் பலர்க்கும் தெரிந்தது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அத்தலைப்பின்கீழ் விற்கலாகாது என மத்திய வணிக அமைச்சகம் அவ்வாண்டு ஏப்ரலில் இணைய அங்காடிகளுக்கு அறிவுறுத்தியது.

எனவே பொட்டலத்தின் முன்புறத்தைப் படிப்பதை விடுத்துப் பின்புறத்தைப் படிக்கப் பழக வேண்டும். சேர்பொருள்களை எடை மிகுதியின் வரிசையிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயருள் சர்க்கரை இருந்தால் அது தின்பண்டமன்று, இனிப்பே. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்பன எல்லாம் சர்க்கரையின் புனைபெயர்களே. தாய்க்கு எழுத்து வாசனை குறைவாயின், கல்லூரியில் பயிலும் மகன் படித்துச் சொல்லட்டும்.

சில மறுப்புகள்

‘எங்கள் காலத்தில் நாங்கள் தின்னாத இனிப்பா? எங்களுக்கு என்ன ஆயிற்று?’ என்பர் முதியோர். நமக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நம் மாத்திரைப் பெட்டியே சான்று. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, நாட்டில் நீரிழிவு உற்றோர் 10.1 கோடி என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி என்றும் 2023இல் கணக்கிட்டது. சர்க்கரை ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுதல் பிழை. மரபு, உடற்பருமன், உழைப்பின்மை எனக் காரணங்கள் பலவுண்டு. ஆனால் மரபை மாற்ற இயலாது. கரண்டியை மாற்ற இயலும்.

‘வெல்லமும் பனைவெல்லமும் நல்லவை அல்லவா?’ என்பர் சிலர். அவற்றில் சிறிது தாதுச் சத்து உண்டு, மணமும் உண்டு. எனினும் அவையும் சர்க்கரையே. நான்கு கரண்டிக் கணக்கில் அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். சர்க்கரைக்கு மாற்றாகச் செயற்கை இனிப்பூட்டிகளை நாடுவதும் தீர்வன்று. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. நாவின் இனிப்பு வேட்கையை அவை தணிப்பதில்லை.

‘கரும்பு விளைப்போர் கதி என்ன?’ என்பது நியாயமான வினா. செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பி வாழும் உழவர் நம் மாவட்டத்தவரே. கரும்பிலிருந்து இன்று எரிசாராயமும் மின்சாரமும் பெறப்படுகின்றன. உழவன் வாழ வழி அவ்வகையில் தேடப்பட வேண்டுமேயன்றி, நம் குழந்தைகளின் பற்களின் மேல் அவ்வழியை அமைத்தல் முறையாகாது.

‘குழந்தையின் சிறு மகிழ்ச்சியைப் பறிக்கலாமா?’ என்பதே என் மனத்தையும் உறுத்திய மறுப்பு. பறிக்க வேண்டா. முற்றிலும் விலக்கப்பட்ட பொருளின் மீதே குழந்தையின் மனம் செல்லும். விழாவின் இனிப்பு விழாவில் இருக்கட்டும். நாள்தோறும் விழா நடத்துவதையே நிறுத்தச் சொல்கிறேன்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, பெரியோர் தம் குவளையிலிருந்து தொடங்க வேண்டும். தந்தை இரண்டு கரண்டி போட்டுக் குடித்துக்கொண்டே மகனுக்கு அறிவுரை கூறினால், மகன் கரண்டியைத்தான் பார்ப்பான், அறிவுரையைக் கேளான்.

இரண்டாவது, திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குழந்தையின் பாலில் வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்து வாருங்கள். நா பழகிவிடும், சில வாரங்களில் பழைய அளவே திகட்டும். பால் தன்னியல்பிலேயே இனிப்புடையது என்பதைக் குழந்தை அப்போதுதான் அறியும்.

மூன்றாவது, தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் இளநீருமே என்னும் வழக்கம் வீட்டில் நிலைபெற வேண்டும். பழத்தைப் பிழிந்து வடிகட்டிச் சர்க்கரை சேர்ப்பதினும், பழமாகவே கடித்துத் தின்னத் தருவது நன்று.

நான்காவது, பள்ளி விட்டு வரும் குழந்தைக்குப் பசிக்குமுன் உணவு ஆயத்தமாக இருக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாத வேளையில்தான் பிஸ்கட் பொட்டலம் நுழைகிறது. நம் மாவட்டம் மல்லாட்டை விளையும் மண். வேகவைத்த மல்லாட்டை ஒரு கிண்ணம், சுண்டல், பொரிகடலை, கொய்யா, வாழைப்பழம், கேழ்வரகு அடை, சவ்வாது மலைச் சாமையில் செய்த உப்புமா என இவற்றுள் ஒன்றேனும் எந்த ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடியதே. வேலைக்குச் செல்லும் தாய் காலையிலேயே அவித்து வைத்துவிட்டுப் போகலாம். தாய் மட்டுமே செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

ஐந்தாவது, இனிப்பைக் கூலியாகவும் கையூட்டாகவும் ஆக்கலாகாது. ‘சோறு தின்றால் சாக்லேட்’ என்று சொல்லும்போது, சோறு தண்டனை என்றும் சாக்லேட்டே பரிசு என்றும் நாமே கற்பிக்கிறோம். பரிசாக ஒரு கதை சொல்லுங்கள். அரை மணி நேரம் உடன் விளையாடுங்கள்.

ஆறாவது, பற்களைப் பொறுத்தவரை அளவினும் தடவையே பெரிது. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. நாள் முழுதும் சிறிது சிறிதாக இனிப்புச் சப்புவதும், பால் புட்டியை வாயில் வைத்தவாறே உறங்குவதும் பெருந்தீங்கு விளைப்பன. இரவில் பல் துலக்கிய பின் தண்ணீரன்றி வேறெதுவும் வேண்டா.

ஊரும் பள்ளியும் துணை நிற்க

பெற்றோர் மட்டும் போராடி வெல்லுதல் அரிது. பள்ளி வளாகத்துக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளை விற்கலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி கூறுகிறது. விதி ஏட்டில் உறங்காதவாறு பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் கேட்க வேண்டும். சர்க்கரைப் பலகை எந்த வாரியத்துப் பள்ளிக்கும் பொருந்தும். ஓர் அட்டையும் நான்கு வண்ண மையும் போதும். பிறந்தநாளில் வகுப்பு முழுமைக்கும் மிட்டாய் வழங்குவதற்கு மாற்றாக, வகுப்பு நூலகத்துக்கு ஒரு நூல் வழங்கலாம்.

நம் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நோன்புக் கஞ்சியைப் போன்ற சத்துணவு அரிது; அரிசியும் பருப்பும் சேர்ந்த அந்த ஒரு குவளை பகலெல்லாம் பசித்த உடலுக்கு ஏற்றது. அதனருகே வண்ணச் சர்பத்தும் அடுக்கடுக்கான இனிப்பும் ஏன்? பேரீச்சம்பழம் ஒன்று போதாதா? திருமண விருந்தில் பிரியாணியுடன் ப்ரெட் அல்வா இருப்பது நம் வட்டார வழக்கு, இருக்கட்டும். சின்னஞ்சிறார்க்குச் சிறு கரண்டியளவு வையுங்கள். விருந்தினராகச் செல்வோர் இனிப்புப் பெட்டிக்கு மாறாகப் பழம் ஏந்திச் செல்லுங்கள். குறைத்தால் மதிப்புக் குறையுமே என்று ஒரு வீட்டார் மட்டும் அஞ்சுவர்; ஊரே குறைத்தால் அவ்வச்சம் நீங்கும்.

நிறைவாக

மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் மருந்தின் பெயர் ஒன்றையும் கூறவில்லை. உண்ணும் அளவையும் காலத்தையுமே பேசினார். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் அறிவியலும் அவ்விடத்துக்கே வந்து நிற்கிறது.

மருத்துவரிடம் சென்று வந்தபின், நானும் பேரனும் மாலை நடையை நிறுத்தவில்லை. தேநீர்க் கடையை நெருங்கியதும் முதல் நான்கு நாள் அவன் அழுதான். கடைக்காரர் கூடப் பரிந்து பேசினார். ஐந்தாம் நாள் சாலையோரத் தள்ளுவண்டியில் கொய்யாக்காய் வாங்கினோம். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு ஆளுக்குப் பாதி தின்றோம். அது எனக்குப் புதிய அனுபவம். இத்தனை நாள் அவன் உண்ண நான் பார்த்திருந்தேன். அன்றுதான் இருவரும் சேர்ந்து உண்டோம். அவன் பற்கள் ஆறும் விழுந்து புதியன முளைக்கும். இயற்கை குழந்தைக்கு இரண்டாம் வாய்ப்பினைப் பல்லில் மட்டுமே தந்திருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே! இன்று நீங்கள் பிள்ளைகள், நாளை பெற்றோர். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ, அக்காள் குழந்தையோ இருப்பின், இன்று மாலை அப்பிள்ளைக்கு எத்தனை கரண்டி சென்றது என்று ஒரு நாள் மட்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணத் தொடங்கியவர் குறைக்கத் தொடங்குவர். அன்புக்கு அளவில்லை, ஆனால் சர்க்கரைக்கு அளவுண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதாதிருப்பதே நம் குழந்தைகளுக்கு நாம் செய்யும் கடன்.